மோப்ப சாரின் மனைவி

"அத்தை, எத்தனை வருஷமாப் பழக்கம்னு கேட்டிருக்கு. என்ன போடட்டும்?"

காலை ஏழரை மணி. சாப்பிட்ட தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மருமகள் மேஜைமேல் படிவத்தை விரித்திருந்தாள். ஸ்கேன் சென்டரில் பதிவு கவுன்ட்டர் அவளுடையது. தினம் அறுபது பேரைக் கேள்வி கேட்டுப் பழகிய குரல்தான், ஆனால் சொந்த மாமியாரைக் கேட்கும்போது முகம் படிவத்தை விட்டு நிமிரவில்லை.

"நாப்பத்தொண்ணு" என்றாள் மாமியார், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே.

பேனா நின்றது. "உங்களுக்குக் கல்யாணமாகியே முப்பத்தெட்டு வருஷம்தானே அத்தை ஆகுது?"

"அதுக்கு மூணு வருஷம் முன்னாடியிலேருந்து."

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகன் தலையில் அடித்துக்கொண்டான். "பொண்ணு பாக்கப் போனப்போ யாருமே இதக் கேக்கலையாம்மா?"

"ஒரு நாளைக்கு எத்தனை?" மருமகள் அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினாள்.

"பன்னெண்டு. ரிடையரானப்புறம் பத்து."

"யாரு ரிடையரானப்புறம்?"

மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்க மாமா... அவர் வீட்டோட இருக்காரில்ல, அதான் குறைச்சுக்கிட்டேன்."

மேஜையின் மறுமுனையில் விரிந்திருந்த செய்தித்தாள் லேசாக ஆடியது. அதற்குப் பின்னால் இருந்தவர் மாமியாரின் கணவர். பக்கத்தை மட்டும் திருப்பினார்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், கடைசிப் பதினாறு வருஷம் தலைமையாசிரியர். காலையில் பள்ளி வாசலில் நின்றுகொண்டு, பெரிய வகுப்புப் பையன்களை வரிசையாக வலது கையை நீட்டச் சொல்வார். ஒவ்வொருவன் விரலையும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். புகை வாசம் அடித்தால் அன்றைக்கே பெற்றோருக்கு ஆள் போகும். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் மோப்ப சார். புகையிலை ஒழிப்புக் கூட்டம் எங்கே நடந்தாலும் இன்றைக்கும் முதல் பேச்சு அவருடையதுதான். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த நாற்பத்தொரு வருஷமும் அவருடையது. அந்தப் பன்னிரண்டும் அவருடையது. மதிய மணி அடித்ததும் சாப்பாட்டுக்கென்று வீட்டுக்கு வருவார். சாப்பாடு ஐந்து நிமிஷம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருபது நிமிஷம். கீழே இறங்கி வந்து பற்பசையை விரலில் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுபடி வாசலில் போய் நிற்பார். பள்ளிக்கூட வாத்தியார் கடையில் நின்று சிகரெட் வாங்க முடியுமா? அதனால் இரண்டு நிறுத்தம் தள்ளி, யாருக்கும் தெரியாத ஒரு பெட்டிக்கடையில் வாங்கி வருவது மனைவி. கல்யாணமான இரண்டாம் மாதம் தொடங்கிய வேலை அது. வீட்டில் புகை நாறினால் பழி கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் தலையில் விழும். அந்த எலக்ட்ரீஷியன் வீடு மாறிப் போன பிறகுதான் பழிக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் மருமகள். வந்த மூன்றாம் மாதம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள், மாமியார் பெட்டிக்கடையில் பாக்கெட்டை வாங்கிப் பைக்குள் போடுவதை. அன்று மாலை எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "அத்தை, அது யாருக்கு?"

அன்றைக்கும் இதே செய்தித்தாள் இதே மாதிரி விரிந்திருந்தது. அது இறங்கும் என்று மாமியார் காத்திருந்தாள். இறங்கவில்லை.

"எனக்குத்தான்" என்றாள்.

மறுநாள் அவர் அவளைத் தனியே கூப்பிட்டு, "நீ பெரிய மனுஷி" என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் வாயால் கேட்ட ஒரே பாராட்டு. அதைக் கேட்டு மனசு குளிர்ந்தது என்பதை இப்போது நினைத்தால் அவளுக்கே உடம்பு கூசும்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. கொல்லையில் இரண்டாவதாக ஒரு கொடி கட்டப்பட்டது, மாமியார் துணி காய. பேத்தி பிறந்தபோது, "கைய நல்லா கழுவிட்டுத் தூக்குங்க அத்தை" என்பதில் ஆரம்பித்து, "தூங்கறா, அப்புறம் தூக்கிக்கலாம்" என்பதில் முடிந்தது. இப்போது குழந்தைக்கு மூன்று வயது. பாட்டியைக் கடந்து போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள அதற்குப் பழக்கியிருந்தார்கள். கன்னம் இரண்டும் உப்ப, கண்ணை உருட்டிக்கொண்டு ஓடும். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

"கையெழுத்துப் போடுங்க அத்தை." மருமகள் படிவத்தைத் தள்ளினாள். "பயப்பட ஒண்ணுமில்ல. சும்மா படுத்தா போதும், அஞ்சு நிமிஷம். சாதாரண ஸ்கேனவிட இதுல கதிர்வீச்சு ரொம்பக் கம்மி. நுரையீரல்ல அரிசி மணி அளவுக்கு ஏதாவது இருந்தாக்கூட இப்பவே தெரிஞ்சிடும்."

"இருமல் ஒண்ணும் இல்லையேம்மா."

"இல்லாதவங்களுக்குத்தான் இது. இருமி ரத்தம் வந்தப்புறம் வர்றவங்களுக்கு நாங்க என்னத்தக் கண்டுபிடிச்சு..." மருமகள் முடிக்கவில்லை. "நெடுநாளாப் பிடிக்கறவங்க, அம்பது வயசு தாண்டினவங்க, இதை வருஷா வருஷம் எடுத்துக்கறது நல்லதுன்னு டாக்டர் சொல்றாங்க. உங்க மகன்தான் ஒரு மாசமா என்னைத் தூங்க விடலை, அம்மாவுக்கு எடு, அம்மாவுக்கு எடுன்னு."

மகன் வாசலில் நின்றபடி வேறு பக்கம் பார்த்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். இருட்டுக் கிணறு மாதிரி இருக்கும் குழிக்குள் தினமும் இறங்கி ஏறுகிறவன். அம்மாவிடம் முகம் பார்த்துப் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. ஆனாலும் அம்மா செத்துவிடக் கூடாது என்று ஒரு மாதமாகத் தூங்கவில்லை. அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள்.

உடை மாற்ற அறைக்குள் போனபோது கணவரும் பின்னாலேயே வந்தார்.

"ஏங்க, நீங்க போய்ப் படுங்க" என்றாள் கதவைச் சாத்திக்கொண்டு. "படுக்க வேண்டியது நீங்க."

"எனக்கென்ன கேடு? குதிரை மாதிரி இருக்கேன். மூணு மாடி மூச்சு வாங்காம ஏறறேன்."

"கேடு வந்தப்புறம் எடுக்கற ஸ்கேன் இல்லையாம் இது. அவ சொன்னதக் கேட்டீங்கல்ல? பேப்பருக்குப் பின்னாடி காது இருந்துதுல்ல?"

"மெதுவாப் பேசு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரு. பையன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அவன் விஷயத்துல நான் என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியாதா? நீ போய்ப் படுத்துட்டு வா. நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. எல்லாருக்கும் நிம்மதி."

நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதில் யாருக்கு என்ன சந்தேகம்? அவள் தலையை வாரிக்கொண்டாள்.

பையன் விஷயம் என்று அவர் சொன்னது இது. மகனுக்குப் பதினேழு வயதில் ஒரு நாள், அவன் சட்டைப் பையில் ஒரு சிகரெட் இருந்தது. ஒன்றே ஒன்று. "நம்ம மாடியிலதான்பா கிடந்துச்சு, சும்மா எடுத்து வெச்சேன், பத்த வைக்கல" என்று அவன் கெஞ்சினான். "நம்ம வீட்டு மாடியிலயா? பொய் வேற சொல்றியா?" என்று முதுகில் விழுந்தது அடி. மறுநாள் இறைவணக்கத்தில் எல்லோர் முன்னாலும் பெற்ற பிள்ளையை மேடைக்கு அழைத்து விரலை மோந்து காட்டினார். அதன்பின் ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. படிப்பில் நன்றாக இருந்த பையன், அதோடு புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

நாலு பேரும் ஒரே வண்டியில் போனார்கள், குழந்தை மருமகள் மடியில். துணைக்கு வராவிட்டால் நன்றாக இருக்காது என்பதால் சாரும் வந்தார்.

ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. பின்பக்கம் முடிச்சுப் போடும் பச்சை அங்கியில் அவள் அந்த நீளப் பலகைமேல் படுத்தாள். தொழில்நுட்பப் பெண் சின்ன வயது, இதமாகப் பேசினாள். "கை ரெண்டையும் தலைக்கு மேல வெச்சுக்குங்கம்மா. நான் சொல்றப்போ மூச்சை இழுத்துப் பிடிங்க. விடலாம்னு சொன்னதும் விடுங்க, அவ்வளவுதான்."

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"சந்தோஷமா வீட்டுக்கு அனுப்புவோம். அடுத்த வருஷம் வரச் சொல்லுவோம்."

அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். "மூச்சை இழுங்க... பிடிங்க."

அவள் பிடித்தாள். பலகை மெல்ல வளையத்துக்குள் நகர்ந்தது. பேத்தி கன்னத்தை உப்பிக்கொண்டு ஓடுவது நினைவுக்கு வந்தது. பிடித்த மூச்சோடு அவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சுத்தமான படம் வரும். நாற்பத்தொரு வருஷம் பிடித்தும் நுரையீரல் பளிங்கு மாதிரி இருக்கிறது என்று எழுதித் தருவார்கள். அதைப் பார்த்து அவர் மாடிக்குப் போய், தைரியமாக இன்னொன்றைப் பற்ற வைப்பார். அடுத்த வருஷமும் இவள் வந்து படுப்பாள். அரிசி மணி அங்கே பட்டாணியாகும், நெல்லிக்காயாகும், அதை யாரும் பார்க்க மாட்டார்கள். தியாகம், தியாகம் என்று நினைத்து இத்தனை நாள் செய்தது, கட்டியவருக்குக் குழி வெட்டியதா?

"அம்மா, அசையாதீங்க... அம்மா, எந்திரிக்காதீங்க!"

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "விவரமெல்லாம் சரிதாம்மா. ஆளுதான் தப்பு" என்றாள். அந்தப் பெண் விழித்துக்கொண்டு நின்றாள்.

பச்சை அங்கியோடு, செருப்பு இல்லாமல், அவள் வெளியே வந்தாள். காத்திருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதுகுப் பக்க முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டே கணவர் முன்னால் போய் நின்றாள்.

"உங்களைத்தான் கூப்பிடறாங்க."

மகன் எழுந்தான். "அப்பாவையா? எதுக்கு? உனக்கு என்னம்மா ஆச்சு, இப்படி வந்து நிக்கறே..."

"அத்தை, உள்ள வாங்க, எல்லாரும் பாக்கறாங்க." கவுன்ட்டரை விட்டு ஓடி வந்த மருமகளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் வேலை செய்யற இடம் அத்தை இது."

அவள் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. "பொய்ய நான் சொல்லிட்டேங்க. அஞ்சு வருஷம் முந்தி ஒரு தடவை, இன்னைக்குக் காலையில ஒரு தடவை. உண்மையையாவது நீங்க சொல்லுங்க. அதையும் நானே சொன்னா அப்புறம் உங்களுக்குன்னு என்னதான் இருக்கு?"

மோப்ப சார் உட்கார்ந்தே இருந்தார். முகத்தை மறைத்துக்கொள்ள அன்றைக்குக் கையில் செய்தித்தாள் இல்லை. சுற்றிலும் பார்த்தார். மூலையில் ஒருத்தன் அவரை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். பழைய மாணவனாக இருக்கலாம். அவர் முகம் வெளுத்து, பிறகு கறுத்தது. இன்னொரு தடவையும் மழுப்பிவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவர் எழுந்தார். மகன் முன்னால் வந்து நின்று வலது கையை நீட்டினார், பள்ளிக்கூட வாசலில் பையன்கள் நீட்டுவது போல, உள்ளங்கை கீழே, விரல் ஐந்தும் ஒட்டி.

"மோந்து பாருடா" என்றார்.

மகனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ஓரடி பின்வாங்கினான்.

"காலையில அவசரத்துல சரியாக் கழுவல" என்றார் அவர். குரல் உடைந்து சிறு பையன் குரலாகியிருந்தது. "நாப்பத்தொரு வருஷமும் என்னோடதுடா. உங்கம்மா ஒரு நாளும் வாயில வெச்சதில்ல. அன்னைக்கு... அன்னைக்கு நீ சொன்னது நிஜம். மாடியில கிடந்தது என்னோடது. தெரிஞ்சேதான் உன்னை அடிச்சேன். தெரிஞ்சேதான் மேடையில ஏத்தினேன்."

காத்திருந்தவர்கள் கைப்பேசியைக்கூடக் கீழே வைத்துவிட்டார்கள். மகன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும்.

"தெரியும்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே. அவர் மாடியில ஒளிச்சு வெச்சிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து எண்ணிப் பாத்தேன். ஒண்ணு குறைஞ்சுது. நீ அடி வாங்கறப்போ நான் சமையலறையிலதான் இருந்தேன், குழாயத் திறந்து விட்டுட்டு." அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. "அதுக்குப் பரிகாரமாத்தான் மருமக கேட்டப்போ என் தலையில போட்டுக்கிட்டேன்னு வெச்சுக்கோயேன். ஆனா அது உனக்குச் செஞ்ச பரிகாரம் இல்லடா. அதுலயும் உங்கப்பா பேரைத்தான் காப்பாத்தினேன்."

மகன் வெளியே நடந்து போனான். கண்ணாடிக் கதவு அவன் பின்னால் ஆடி ஆடி நின்றது. வண்டி நிறுத்தும் இடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. மனைவியிடம் போய், "படிவத்துல பேரையும் வயசையும் மாத்து. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றான்.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு வந்து மருமகள் புதுப் படிவம் எழுதினாள். எழுத்து கோணல் மாணலாக விழுந்தது. "அத்தைக்கு இந்த ஸ்கேன் வேண்டாமாம்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "பிடிக்காதவங்களுக்கு வீணா எதுக்குக் கதிர்னு சொல்லிட்டாங்க." கண்ணீர் பொட்டென்று படிவத்தில் விழுந்தது. அதைச் சட்டைக் கைநுனியால் ஒற்றி எடுத்தாள்.

படத்தில் ஒன்று இருந்தது. வலது நுரையீரலின் மேல் மடலில், பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு பொட்டு. அதன்பின் வேறு ஸ்கேன், ஊசி போட்டு எடுத்த சதைத் துணுக்குச் சோதனை, மூன்று வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசாத ஒரு வீடு. புற்றுதான் என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், வேறெங்கும் பரவவில்லை, அந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்றார். "இவர் இருமலோட வந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றும் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சார் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, புகையிலை ஒழிப்புக் குழுவுக்கு அனுப்பினார். இனிப் பேச அழைக்க வேண்டாம் என்றும், ஏன் என்றும். மாடியிலிருந்த பிஸ்கட் டப்பாவை மகன் தூக்கிப் போட்டான். அப்பாவும் மகனும் இன்னும் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்தபின் பதினோரு நாளும் ஆஸ்பத்திரியில் அவரைத் தாங்கி நடக்க வைத்தவன் அவன்தான். வாயால் மன்னிக்கத் தெரியாத குடும்பம், கையாலாவது செய்கிறது.

அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அவள் துவைத்த துணிகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். இரண்டாவது கொடி அங்கே இல்லை. ஆணி மட்டும் இருந்தது. மருமகள் கீழே உட்கார்ந்து அந்தக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை..." எழுந்திருக்காமலே பேசினாள். "நான் எப்படிப்பட்டவளா இருந்திருக்கேன். குழந்தைய உங்க கையில குடுக்காம... துணியக்கூட..."

"நீ என்னம்மா பண்ணுவே? நான் சொன்னத நம்பினே. நம்பினவளை ஏமாத்தினவ நான்."

"ஏன் அத்தை ஒரு தடவைகூட என்கிட்ட..."

"சொல்லியிருந்தா உங்க மாமா பேரு போயிருக்கும்னு நினைச்சேன். சொல்லாததுனால அவரே போயிருப்பாரு." அவள் கூடையைக் கீழே வைத்தாள். "நான் நல்லவள்னு நீ இப்ப நினைச்சுக்காதே. என்னால அதையும் தாங்க முடியாது."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு குழந்தை ஓடி வந்தது. நடு வழியில் பாட்டி நிற்பதைக் கண்டதும் பழக்க தோஷத்தில் சட்டென்று நின்று, கன்னம் இரண்டையும் உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டது. கண்ணை உருட்டி அம்மாவைப் பார்த்தது, சரியாகச் செய்கிறேனா என்று கேட்பது போல.

மருமகள் முகத்தைக் கயிற்றுச் சுருளில் புதைத்துக்கொண்டு விம்மினாள். குழந்தை மிரண்டுபோய் இன்னும் இறுக்கிப் பிடித்தது. முகம் சிவந்துவிட்டது.

"விடுடி கண்ணு" என்றாள் மருமகள், அழுகையோடு. எழுந்து வந்து குழந்தையைத் தூக்கி மாமியார் தோளில் சாய்த்தாள். "விடலாம். பாட்டிகிட்ட இனிமே பிடிக்க வேண்டாம். அம்மாதான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

குழந்தை சந்தேகமாக அம்மாவைப் பார்த்தது. பிறகு புஸ்ஸென்று விட்டது. மூன்று வருஷமாக எட்டாமல் இருந்த அந்தச் சின்ன வெப்பக் காற்று பாட்டியின் கழுத்தில் பட்டது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, மருமகள் பார்க்காதபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.